பிகோவில் சரளி வரிசை: சுருதியோடு வாசிக்கும் சின்னப் பெட்டி

குடமுருட்டி

பாபநாசத்திலிருந்து எழுதுகிறேன். மகள் வாய்ப்பாட்டு கற்கிறாள், இப்போதுதான் சரளி வரிசை. வகுப்பு இல்லாத நாட்களில் வீட்டில் சாதகம் செய்வதற்காக ராஸ்ப்பெர்ரி பை பிகோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டை வைத்து ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் ஒரு வரிசையை வாசிக்க வேண்டும், பின்னால் சுருதி விடாமல் நிற்க வேண்டும், காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வேண்டும். அவ்வளவுதான் தேவை.

நிரல் மைக்ரோபைதானில். 14ஆம் பின்னில் சுரத்துக்கு ஒரு பஸ்ஸர், 15இல் சுருதிக்கு ஒரு பஸ்ஸர். சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளைக்கு 262, 279, 327, 349, 392, 419, 491, 523 என்று எண்களைப் பட்டியலாக எழுதி வைத்திருக்கிறேன். தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் சரியாகவே ஒலிக்கின்றன. சேர்த்து ஓட்டினால் சுரம் மாறும்போதெல்லாம் சுருதியும் கூடவே ஓடுகிறது. பின்னில் ஒயரை மாற்றிப் பார்த்தாலும் அதே கதைதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். வாசிக்க ஆரம்பித்துவிட்டால் முடியும்வரை பொத்தானை அது கண்டுகொள்வதே இல்லை. முதல் வரிசையில் ஏறி முடித்து இறங்கும் இடத்தில் மேல் ச இரண்டு முறை வர வேண்டும் இல்லையா, அது ஒரே நீளமான ச ஆகக் கேட்கிறது.

வெண்ணாறு

அண்ணா, முதல் சிக்கல் உங்கள் நிரலில் இல்லை, பின் தேர்வில் இருக்கிறது. பிகோவில் இருக்கும் ஆர்பி2040 சிப்பில் பிடபிள்யூஎம் பகுதி (பின்னை ஆன்-ஆஃப் செய்து அலை உண்டாக்குவது) 8 துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஏ, பி என்று இரண்டு வெளிவாய். 14உம் 15உம் ஒரே துண்டின் இரண்டு வாய்கள். ஒரு மதகிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால் மாதிரி: பலகை போட்டு எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறைக்கலாம், ஆனால் மதகு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதிர்வெண் துண்டுக்கு ஒன்று, டூட்டி (ஒவ்வொரு அலையிலும் பின் ஆனில் இருக்கும் பங்கு) வாய்க்கு ஒன்று.

சுருதியின் ஒயரை 16ஆம் பின்னுக்கு மாற்றுங்கள். பின் எண்ணை 2ஆல் வகுத்து மீதியை விட்டுவிடுங்கள், வருவது 8ஐ எட்டினால் மறுபடி 0இலிருந்து எண்ணுங்கள். 14க்கும் 15க்கும் 7 வரும், 16க்கு 0. எண் வேறாக இருந்தால் போதும். 0உம் 16உம்கூட ஒரே துண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டுக்கும் இரவு எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளம்.

முத்துப்பேட்டை_வாசி

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? டிஎஃப்பிளேயர் மினி என்று ஒரு சின்ன போர்டு கிடைக்கிறது. மெமரி கார்டில் எம்பி3 கோப்புகளைப் போட்டுச் செருகிவிட்டு, சீரியலில் 9600 வேகத்தில் ‘3ஆம் பாட்டைப் போடு’ என்று கட்டளை அனுப்பினால் வாசிக்கும். டீச்சர் பாடுவதைப் போனில் பதிவு செய்து அதில் போட்டுவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது. நல்ல குரலும் கேட்கும், பஸ்ஸர் சத்தம் காதைக் குத்தாது.

குடமுருட்டி

@வெண்ணாறு, 16க்கு மாற்றினேன். சுருதி நிற்கிறது! சுரம் தனியாக ஏறி இறங்குகிறது.

@முத்துப்பேட்டை_வாசி, பதிவு செய்தது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் காலத்தை மாற்ற முடியவில்லை. மெதுவாக ஓட்டினால் சுருதியும் இறங்கிவிடுகிறது. நான்காவது சுரத்தில் தடுக்கினால் அந்த நாலு சுரத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லவும் வழியில்லை. பெட்டிக்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும், வெறும் சத்தம் தெரிந்தால் போதாது என்பதுதான் என் ஆசை.

பாட்டு_டீச்சர்

திருவையாற்றில் பாட்டு சொல்லித் தருகிறேன். கணினி விஷயத்தில் நான் பேச ஒன்றுமில்லை, ஆனால் தம்பி எழுதிய அந்த எண் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 262 என்று எழுதியபோதே நீங்கள் ச-வை ஒரு கட்டையில் (கட்டை என்பது ச-வின் உயரம்) பூட்டிவிட்டீர்கள். உங்கள் மகள் ஒரு கட்டையிலா பாடுகிறாள்? பெண் குழந்தைகள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, ஆறு என்றுதான் பாடுவார்கள். வகுப்பில் ஒரு சுருதி, வீட்டுப் பெட்டியில் வேறு சுருதி என்றால் குழந்தை குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறும்.

நம் சங்கீதத்தில் ச எங்கே இருக்கிறதோ அதை வைத்துத்தான் மற்ற ஆறும். ரி என்பது ஒரு எண் இல்லை, ச-விலிருந்து இவ்வளவு தூரம் என்பதுதான் ரி. பெட்டியிலும் அப்படியே எழுதுங்கள். ச-வை மட்டும் நகர்த்தினால் எல்லாம் கூடவே நகர வேண்டும்.

வெண்ணாறு

டீச்சர் சொன்னதுதான் இந்த நிரலுக்கே அடித்தளம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூன்று விஷயங்களைத் தனித்தனியாக வையுங்கள். ஒன்று, பாடம்: சுரங்களின் வரிசை மட்டும், எண்ணே இல்லாமல். இரண்டு, ராக அட்டவணை: எந்தச் சுரம் ச-வுக்கு எத்தனை மடங்கு. மூன்று, கட்டை: ச எத்தனை ஹெர்ட்ஸ். வாசிக்கும் கணத்தில் பாடத்தில் வரும் சுரத்தின் மடங்கை ச-வின் ஹெர்ட்ஸால் பெருக்கினால் அதிர்வெண் வந்துவிடும். மாயாமாளவகௌளைக்கு ச 1, ரி 16/15, க 5/4, ம 4/3, ப 3/2, த 8/5, நி 15/8. நாளைக்குச் சங்கராபரணம் வேண்டுமென்றால் ரி 9/8, த 5/3 என்று இரண்டே இடத்தில் மாற்றினால் போதும். பாடத்தைத் தொடவே வேண்டாம்.

பாடத்தை எழுதுவதற்குப் பாட்டுப் புத்தகத்தில் உள்ள குறியீட்டையே எடுத்துக்கொள்ளலாம். கமா ஒரு அட்சரக் கார்வை (முந்தைய சுரத்தை நீட்டுவது), அரைப்புள்ளி இரண்டு. மேல் ஸ்தாயிக்குப் புத்தகத்தில் தலையில் புள்ளி வைப்பார்கள், தட்டச்சில் அது தொல்லை. எழுத்துக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டால் மேல், கழித்தல் போட்டால் மந்திர ஸ்தாயி, அதாவது கீழ், என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை இப்படி ஒரே வரியாக அமையும்:

ச ரி க ம ப த நி ச+ ச+ நி த ப ம க ரி ச

இங்கே தமிழில் எழுதுபவர்கள் எல்லோரும் மாட்டும் ஒரு இடம் உண்டு. இந்த வரியை எழுத்து எழுத்தாகப் பிரித்து ஓடவிட்டால் ‘ரி’ இரண்டாக உடைந்துவிடும். யூனிகோடில் அது ‘ர’ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. நீளம் கேட்டால் 2 என்று சொல்லும். ‘நி’யும் அப்படித்தான். அதனால் எழுத்தாகப் பிரிக்காதீர்கள், இடைவெளியில் வெட்டுங்கள். அதற்குத்தான் மேலே ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் இடம் விட்டேன். வெட்டிய துண்டின் கடைசியில் கூட்டலோ கழித்தலோ இருந்தால் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தை அட்டவணையில் தேடினால் சரியாக அகப்படும்.

அடுத்து பொத்தான். ஸ்லீப் என்று எழுதினால் அந்த நேரம் முழுக்க பிகோ தூங்கும், நீங்கள் அழுத்துவது அதற்குத் தெரியாது. அதற்குப் பதிலாக டிக்ஸ்_எம்எஸ் கொண்டு மணியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுழற்சி ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இரண்டே கேள்விதான்: அடுத்த சுரத்துக்கு நேரம் வந்துவிட்டதா, பொத்தான் அழுத்தப்பட்டதா. பொத்தான் உள்ளே துள்ளும் என்பதால் ஒருமுறை அழுத்தியதைக் கண்டதும் ஒரு 30 மில்லிவினாடிக்கு மறு அழுத்தத்தை எடுக்காதீர்கள்.

அடுத்த சுரத்துக்கான நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் கவனம் தேவை. ‘இப்போதைய மணி கூட்டல் சுர நீளம்’ என்று எழுதினால், நடுவில் பெருக்கல், தேடல் எல்லாவற்றுக்கும் ஆகும் நேரம் ஒவ்வொரு சுரத்திலும் சேர்ந்துகொண்டே போகும். முதல் காலத்தில் தெரியாது. மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நான்கு சுரம், தாளம் போடும் கை முன்னால் போய்விடும், பெட்டி பின்தங்கும். ‘போன சுரம் தொடங்கியிருக்க வேண்டிய நேரம் கூட்டல் சுர நீளம்’ என்று எழுதுங்கள். ஒரு சுரம் கொஞ்சம் தாமதித்தாலும் அடுத்தது தன் இடத்தில் சரியாக வந்து உட்காரும்.

கடைசியாக, மேல் ச இரண்டு முறை வருவது. அதிர்வெண் மாறாமல் தொடர்வதால் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கும். ஒவ்வொரு சுரத்தின் கடைசி 25 மில்லிவினாடிக்கு டூட்டியை 0 ஆக்குங்கள். சுருதியைத் தொடாதீர்கள், அது பாட்டுக்கு நிற்கட்டும். கார்வை வரும் இடத்தில் மட்டும் இந்த இடைவெளி வரக் கூடாது, முழு நீளம் முடிந்த பிறகுதான்.

மன்னை_ரிப்பேர்கடை

பஸ்ஸரை விட்டுத் தள்ளுங்க. அந்தச் சின்ன வட்டத் தகடு நன்றாகப் பேசுவது 2000 ஹெர்ட்ஸ், 3000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். 200, 250இல் அதற்குக் குரலே கிடையாது. நீங்கள் கேட்பது மேல் ஸ்வனங்களின், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளின், கீச்சு. குழந்தை அதைக் கேட்டுப் பாடினால் எந்த ஸ்தாயி என்றே பிடிபடாது.

பழைய ரேடியோவில் இருக்கும் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று எடுங்கள். ஆனால் பிகோ பின்னில் நேரே கொடுத்துவிடாதீர்கள். 3.3 வோல்ட்டை 8 ஓமில் போட்டால் 400 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும், அந்தப் பின் 12 மில்லி ஆம்பியருக்கே மூச்சு வாங்கும். பிஏஎம்8403 என்ற சின்ன ஆம்பிளிஃபயர் போர்டு போடுங்கள். 14இலிருந்து ஒரு 10 கிலோ ஓம், 16இலிருந்து ஒரு 10 கிலோ ஓம், இரண்டின் மறுமுனையையும் ஒன்றாக முடிந்து, அந்த முடிச்சிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 கிலோ ஓம். முடிச்சில்தான் சுரமும் சுருதியும் கலக்கும், அளவும் கால் வோல்ட் பக்கம் இறங்கும். அதே இடத்தில் 100 நானோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றைக் கிரவுண்டுக்கு வைத்தால் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலான கூர்மை மழுங்கிவிடும். அங்கிருந்து ஆம்பிளிஃபயர் உள்ளீட்டுக்குக் கொடுங்கள்.

கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் மூன்று ஏஏ செல், 4.5 வோல்ட், பிகோவின் மின் உள்ளீடான விசிஸ் பின்னில் கொடுக்கலாம். அது 1.8 முதல் 5.5 வரை தாங்கும். யுஎஸ்பி ஒயரையும் சேர்த்துச் செருகும் பழக்கம் இருந்தால் செல்லுக்கும் விசிஸுக்கும் நடுவில் ஒரு 1என்5819 டையோடு கட்டாயம். அப்புறம், ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு முன்னால் பிரெட்போர்டிலிருந்து எடுத்து ஈயம் வைத்துவிடுங்கள். நம்ம ஊர் மழையில் பிரெட்போர்டு கால்கள் பச்சை பூத்து, ஆட்டினால் பேசும், ஆட்டாவிட்டால் பேசாது என்று எத்தனையோ பார்த்தாயிற்று.

ஆச்சாமரம்

ஆடுதுறைப் பக்கம், நாதஸ்வரக் குடும்பம். ஒரு விஷயம் சேர்க்கிறேன். டூட்டியை எல்லோரும் 50 சதவீதத்தில் வைக்கிறார்கள். 50இல் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை ஸ்வனங்கள் மட்டும்தான் வரும், அதனால் கிளாரினெட் மாதிரி உள்ளே குடைந்த சத்தம். நாதஸ்வரக் குழல் மேலே ஒடுங்கிக் கீழே விரிவது, அதில் இரட்டைப்படையும் வரும். டூட்டியை 25க்கோ 12.5க்கோ இறக்கிப் பாருங்கள். 25இல் நான்கின் மடங்குகள் மட்டும் விடுபடும், 12.5இல் எட்டின் மடங்குகள் மட்டும். சத்தத்தில் ஒரு சீவாளித்தன்மை வரும். சுரத்துக்கு 12.5, சுருதிக்கு 25 என்று வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் காதில் விழும்.

நரசிங்கம்பேட்டை ஆச்சா மரக் குழலை இந்தப் பெட்டி எட்டிப் பிடிக்காது என்பது வேறு விஷயம். சரளி வரிசை பழக இது தாராளம்.

குடமுருட்டி

எல்லாம் செய்து பார்த்தேன். ஸ்பீக்கர் வந்ததும் ஆளே மாறிவிட்டது. பொத்தான் கேட்கிறது, மேல் ச இரண்டாகக் கேட்கிறது. சுருதிக்கு ச மட்டும் போதாது, ப-வும் வேண்டும் என்று 18ஆம் பின்னில், இன்னொரு 10 கிலோ ஓம் வழியாக, அதையும் சேர்த்தேன். மகளின் கட்டை ஐந்தரை, ச 207.65.

இப்போது புதிதாக ஒன்று. டூட்டியை 25க்கு மாற்றியதிலிருந்து சுருதி நிம்மதியாக நிற்கவில்லை. வினாடிக்கு இரண்டு தடவை வீங்கி அடங்குகிறது. 50இல் இருந்தபோது இது தெரியவில்லை.

வெண்ணாறு

அருமையான கவனிப்பு. மைக்ரோபைதானில் அதிர்வெண்ணுக்கு முழு எண் மட்டும்தான் கொடுக்க முடியும், புள்ளி வைத்தால் பிழை காட்டும். நீங்கள் ரவுண்டு செய்திருப்பீர்கள். 207.65 என்பது 208 ஆகியிருக்கும். ப 311.475, அது 311 ஆகியிருக்கும். ச-வின் மூன்றாம் ஸ்வனம் 624, ப-வின் இரண்டாம் ஸ்வனம் 622. சேர வேண்டிய இரண்டும் 2 ஹெர்ட்ஸ் விலகி நிற்கின்றன, அந்த 2தான் நீங்கள் கேட்கும் வீக்கம். 50 சதவீதத்தில் இரட்டைப்படை ஸ்வனமே கிடையாது, அதனால் ப-விடம் 622 இல்லவே இல்லை, மோத ஆளில்லை.

முதலில் ச-வை முழு எண்ணாக்குங்கள், அதற்குப் பிறகு பெருக்குங்கள். ச 208 என்றால் ப சரியாக 312. வீக்கம் போய்விடும். க 260, நி 390 என்று அவையும் முழு எண்ணாகவே விழும். ரி, ம, த மூன்றில்தான் பின்னம் வரும், மூன்றிலும் தவறு அரை ஹெர்ட்ஸுக்கும் குறைவு.

அதுவும் கூடாது என்றால் ச-வை 240இல் வையுங்கள். 256, 300, 320, 360, 384, 450, 480. மாயாமாளவகௌளை முழுக்க ஒரு பின்னம்கூட இல்லாமல் வருகிறது. சங்கராபரணத்துக்கு ரி 270, த 400, அதுவும் முழு எண். இதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாட்டு_டீச்சர்

240 எந்தக் கட்டை?

வெண்ணாறு

ஆறரை 233, ஏழு 247. இரண்டுக்கும் நட்ட நடுவில் விழுகிறது, டீச்சர்.

பாட்டு_டீச்சர்

அப்படியானால் அது வேண்டாம். வகுப்பில் சுருதிப் பெட்டியோடு உட்காரும் குழந்தைக்கு இரண்டு கட்டைக்கும் நடுவில் ஒரு ச-வைப் பழக்கக் கூடாது. கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் சுருதி பாடுகிறவளின் குரலுக்கு. ஐந்தரையிலேயே இருக்கட்டும்.

வெண்ணாறு

சரி டீச்சர். ஐந்தரையிலேயே சுத்தமாக வரவும் வழி இருக்கிறது. சிப்பின் பதிவேடுகளில் (அதன் அமைப்பு எண்கள் இருக்கும் இடங்கள்) நேரடியாக எழுத வேண்டும், மெம்32 மூலம் முடியும். 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 16ஆல் வகுத்தால் 78,12,500. அதை வேண்டிய அதிர்வெண்ணால் வகுத்து, ஒன்று கழித்து, டாப் பதிவேட்டில் எழுத வேண்டும். 207.65க்கு 37,623 எண்ணிக்கை வருகிறது, ஒரு எண் தள்ளினாலும் ஹெர்ட்ஸில் நூறில் ஒரு பங்குகூட நகராது. இப்படி வகுத்தால் 120 ஹெர்ட்ஸ் வரை கீழே போகலாம், மந்திர ஸ்தாயி ச-வுக்கு 103.8 வேண்டுமென்றால் 32ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வகுக்கும் எண்ணை எழுதும் டிவ் பதிவேட்டில் கடைசி 4 பிட் பின்னத்துக்கு என்பதால் 16 என்பதை 256 என்று எழுத வேண்டும், 32 என்றால் 512. உங்கள் பிகோ வேறு வேகத்தில் ஓடலாம், அதனால் 125 என்று கையால் எழுதாமல் சிப்பையே கேட்டு வாங்குங்கள்.

இதில் இன்னொரு லாபம். டாப்பில் எழுதியது உடனே ஏறாது, ஓடும் சுற்று முடிந்த பிறகுதான் ஏறும். அதனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனாலும் நடுவில் டிக் டிக் என்று வெட்டாது. ஜாரு வேண்டுமென்றால் 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை அதிர்வெண்ணை ஒரே விகிதத்தால் பெருக்கிக்கொண்டே போங்கள். ஒரே அளவு ஹெர்ட்ஸைக் கூட்டினால் கீழே வேகமாகவும் மேலே மெதுவாகவும் ஏறுவது போலக் கேட்கும்.

முத்துப்பேட்டை_வாசி

இவ்வளவையும் படித்த பிறகு நானும் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். என்னிடம் ஆர்டுயினோ ஊனோதான். இதையே அதில் செய்ய முடியுமா? கமகம் (சுரத்தை அசைப்பது) இல்லாமல் வாசித்தால் கேட்க நன்றாக இருக்கும் உருப்படி ஏதாவது உண்டா?

வெண்ணாறு

ஊனோவில் டோன் என்ற கட்டளை ஒரு நேரத்தில் ஒரு பின்னில்தான் ஒலிக்கும். சுரம் மட்டும் என்றால் போதும், சுருதியும் சேர வேண்டுமென்றால் டைமரை நேரே எழுத வேண்டும். நினைவகம் 2 கிலோபைட்தான், பாடங்களை ஃபிளாஷிலேயே வைத்துப் படியுங்கள்.

பாட்டு_டீச்சர்

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூரில் பிறந்தவர், ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் சாகித்யம் செய்தார். அவற்றை அசைவில்லாமல் நேராகத்தான் பாடுவோம், அதனால் பெட்டிக்கு ஒத்துவரும். தோடியையும் பைரவியையும் மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள் தம்பி. அசைவு இல்லாத தோடியில் தோடியே இருக்காது, குழந்தை அதைக் கேட்டுப் பழகினால் திருத்துவது பெரும்பாடு.

குடமுருட்டி

பதிவேடு முறை வேலை செய்கிறது. சுருதி அசையாமல் நிற்கிறது. டீச்சர், அடுத்து ஜண்டை வரிசை. ச ச ரி ரி க க ம ம என்று போட்டேன், இரண்டும் ஒரே மாதிரி தட்டையாக வருகிறது.

பாட்டு_டீச்சர்

இரண்டாவதில் அழுத்தம் விழ வேண்டும். முதல் ச சாதாரணமாக, இரண்டாவது ச உந்திக்கொண்டு வர வேண்டும். அதுதான் ஜண்டை.

ஆச்சாமரம்

டூட்டியை வைத்துச் செய்யலாம். முதலாவதற்கு 6, இரண்டாவதற்கு 12.5 கொடுத்துப் பாருங்கள், சத்தம் கூடும். இன்னும் ஒன்று: நாங்கள் வாசிக்கும்போது இரண்டாவது சுரம் கீழ்ச்சுரத்தைச் சற்றுத் தொட்டுக்கொண்டுதான் எழும்பும். முதல் 40 மில்லிவினாடிக்குக் கீழ்ச்சுரத்திலிருந்து ஏறி வருவது போல எழுதுங்கள். ரி-க்கு ச-விலிருந்து, க-வுக்கு ரி-யிலிருந்து. நடுவில் விட்ட 25 மில்லிவினாடி மௌனத்தை அந்த ஜோடிக்கு 10 ஆகக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் உந்தல் வராமல் வெட்டுதான் கேட்கும்.